மட்கார்டு வாலில் ஹார்லன்

போர்ட்லாந்தில் மழை வானத்திலிருந்து பெய்வதைவிட, முன்னால் போகிறவனின் பின்சக்கரத்திலிருந்துதான் அதிகம் பெய்யும். அதனால் எங்கள் சனிக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் ஒரு சட்டம். மட்கார்டும், அதன் நுனியில் தரைக்கு உள்ளங்கை அகலம் விட்டுத் தொங்கும் வாலும் இல்லாதவன் கடைசியில்தான் வர வேண்டும். கடைசியில் வருகிறவனுக்குக் காப்பிக் கடையில் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியான சின்னமன் ரோல் மிஞ்சாது. இந்த அநியாயச் சட்டத்தைப் போட்டவன் என் பக்கத்து வீட்டு ஹார்லன்.

வெள்ளிக்கிழமை வேலிக்கு மேல் அவன் தலை முளைத்தது.

"என்ன ஆர்வில், இன்னும் மொட்டைச் சக்கரமா? நாளைக்குக் கடைசியிலகூட இடம் கிடையாது. மட்கார்டு போட்டுட்டு வா, இல்லன்னா போத்திக்கிட்டுத் தூங்கு."

"உன் மூஞ்சியைப் பாக்காம இருக்கலாம்னா ஆயுசுக்கும் தூங்குவேன்டா."

சொல்லிவிட்டேன். ஆனால் சின்னமன் ரோல்?

கராஜில் போராடினேன். நான் திருகிய வேகத்தில் வீடே அரை அடி நகர்ந்தது. இடப்பக்கக் கம்பியை முடுக்கினால் மட்கார்டு வலப்பக்கம் டயரை உரசியது. வலப்பக்கம் முடுக்கினால் இடப்பக்கம். அந்தக் கிரீச்சில் தெரு நாய்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்கே குடிபெயர்ந்தன.

என் மனைவி வெல்மா எட்டிப் பார்த்தாள். "சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டுறியா, இல்ல மட்கார்டுல நீ மாட்டிக்கிட்டியா?"

ஒருவழியாக டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி கிடைத்தது. மட்கார்டு வந்த பெட்டியைக் கவிழ்த்தேன். வால் இல்லை! சைக்கிள் கடையும் மூடியிருக்கும்.

அப்போதுதான் ஜன்னல் வழியே அதைப் பார்த்தேன். குடியிருப்போர் சங்கத் தேர்தலுக்காக ஹார்லன் என் புல்தரையில் கேட்காமலே நட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் அட்டை. தோற்று மாதக்கணக்காகியும் பிடுங்கவில்லை. இரண்டு பக்கமும் அவன் பல்லிளிப்பு. கீழே 'எப்போதும் முன்னணியில்'. மழைக்கு அசராத நல்ல கெட்டி அட்டை.

வெல்மா கத்தரிக்கோலை நீட்டினாள். "பல்லு கெடாம வெட்டு."

மறுநாள் ஹார்லன் என் பின்சக்கரத்தருகே குனிந்து உள்ளங்கையால் அளந்தான். நிமிர்ந்தபோது காது வரை சிவந்திருந்தான்.

"கழட்டுடா இதை!"

"ஏன், நீளம் குறையுதா?"

"என்னைக் கேக்காம என் மூஞ்சியை வெட்டியிருக்க!"

"என்னைக் கேட்டுட்டா என் புல்லுல நட்ட?"

அளவு கச்சிதம். அவன் போட்ட சட்டத்தில் மூஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் கிளம்பினான். நான் அவனுக்கு நேர் பின்னால்.

நான் ஒரு குட்டையையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் அட்டை ஹார்லனின் வாயில் சேறு அப்பியது. பின்னாலிருந்து கூட்டம் கத்தியது: "ஹார்லன், வாயைத் துடைச்சுக்கோ!" "இன்னொரு வாய் சாப்பிடு, ஹார்லன்!"

பாலம் வரை தாங்கினான். பிறகு ஓரம் ஒதுங்கி எல்லோரையும் போகவிட்டான். அந்தக் கத்தல் காதில் விழாத ஒரே இடம் கடைசி.

அவன் கடைக்கு வந்து சேர்ந்தபோது தட்டு காலி. கடைசி ரோலின் கடைசி வாயை நான்தான் மென்றுகொண்டிருந்தேன். வாசலில் என் சைக்கிள் சாய்ந்திருந்தது. சேறு அப்பிய பற்களுக்குக் கீழே, 'எப்போதும் முன்னணியில்'.