மூக்கிரட்டையும் பிராந்தியும்

டாக்டர் அம்பிகைபாகனுக்கு ஈரல் வீங்கியிருந்தது. பினாங்கில் ஈரலைப் பற்றித் தன்னளவுக்குப் படித்தவன் இல்லையென்று அவரே சொல்லிக்கொள்வார். பொழுது சாய்ந்தால் கிளப்பில் பிராந்தி குடிப்பதும் அதே வாய்தான். வைத்தியம் பார்த்த முகம்மது கனி, "குடியை நிறுத்துங்க டாக்டர், இல்லன்னா ஒரு வருஷம் தாங்காது" என்று சொல்லிவிட்டார். முகம்மது கனி வெறும் எம்.பி.பி.எஸ். ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் அவர் பேச்சைக் கேட்பாரா?

கேட்கவில்லை. மூக்கிரட்டை வேரைப் பிடித்துக்கொண்டார். பாகான் டாலாமில் வேலியோரம் ஆடு மேயும் பூண்டு அது. அதன் வேர் ஈரலைக் காக்குமென்று சித்த வைத்தியத்தில் சொல்வார்கள். எலிகளை வைத்து அதை நிரூபித்துவிட்டால் பிராந்தியை விடவேண்டியதில்லை. தமிழ் மருத்துவத்தின் பெருமைக்காக இந்த ஆராய்ச்சி என்று ஊருக்குச் சொன்னார். அசல் காரணம் தினமும் ஆறரை மணிக்கு ஐஸோடு வந்தது.

எலிகளை மூன்று பிரிவாக்கினார். முதல் பிரிவுக்குச் சாதாரணத் தீனி மட்டும். இரண்டாவதற்குத் தினமும் ஈரலைக் கெடுக்கும் விஷம். மூன்றாவதற்கு விஷத்தோடு வேர்க் கஷாயமும் உண்டு. யாருக்கும் சொல்லாத நாலாவது பிரிவு அவரேதான்.

ஆய்வுக்கூட உதவியாளர் புஷ்பராணி பிரிவுக்குச் சில எலிகளை அறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டாக்டர், மூணாவது க்ரூப்புக்கும் ஈரல் கெட்டுத்தான் இருக்கு. டெய்லி விஷம் குடுத்தா வேர் என்னா செய்யும்?"

"நீ கஷாயத்தைச் சரியாக் காய்ச்சியிருக்க மாட்டே."

"நீங்க காலையில குடிக்கிறதும் அதே கஷாயம்தான் டாக்டர்."

இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த வாரமே அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஈரல் தேறியிருந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோருக்கும் சுடச்சுட கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்து, "எலியை விடுலா, மனுஷனுக்கு வேலை செய்யுது" என்றார்.

புஷ்பராணி கறிபாப்பைத் தொடவில்லை. "நீங்க பிளட் குடுத்தது சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் டாக்டர். ஆறு நாளா கந்தசஷ்டி விரதம். பாலும் பழமும்தான். பிராந்தி தொடல. குணப்படுத்துனது வேரா, விரதமா?"

வருஷம் முழுக்க மறந்துபோகும் முருகனுக்கு அந்த ஆறு நாள் மட்டும் அவர் ஒழுங்காக இருப்பார். அது பரம்பரைப் பழக்கம். அதைக் கணக்கில் எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றியதும் பயம் வந்தது. இவள் சொல்வது சரியென்றால் சாகும்வரை விரதம்தான். அதைவிட அவள் சொல்வது தப்பாக இருப்பது எவ்வளவோ சௌகரியம்.

"எலிக்கு பக்தி கிடையாது, அதான் மருந்து பிடிக்கல" என்று பேச்சை முடித்துவிட்டு, அன்று மாலை கிளப்பில் வழக்கத்தைவிட இரண்டு கிளாஸ் கூடுதலாகக் குடித்தார். மறுநாள் காலையில் கஷாயத்தையும் இரண்டு மடங்காக்கினார். விஞ்ஞானி அல்லவா.

தைப்பூசத்துக்குத் தேர் ஓடியபோது அவர் மஞ்சள் பூத்த கண்ணோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். புஷ்பராணி பிளாஸ்க்கோடு பார்க்க வந்தாள்.

"கஷாயமா?"

"பார்லி தண்ணி டாக்டர்."

"மிச்ச எலிங்க?" என்றார் அவர்.

"ரெண்டாவது க்ரூப்புல எதுவும் மிஞ்சல. மூணாவதுலயும்தான்."

"முதல் க்ரூப்பு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்று பார்லித் தண்ணீரை ஊற்றினாள். "அதுங்களுக்கு யாரும் விஷம் குடுக்கலையே."