எட்டும் ஒன்பதும்

அப்துல் சமத்தின் உடலை ஹாலில் கிடத்தியிருந்தபோது அவர் மனைவி உம்மே ஹானி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உறவுப் பெண்கள் பாயில் அமர்ந்து, ஒவ்வொருவராகக் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு இடது முட்டியை மாற்றி வைத்துப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. கால் அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. காலை நீட்டியபடியே எவ்வளவு குனிந்தாலும் கை அவர் தோள்வரைதான் எட்டியது.

"என்னக் கீழ இறக்கி வுடும்மா" என்றாள் மகளிடம்.

"வேணாம்மா. கீழ வுழுந்தா அவ்ளோதான்" என்று ஃபிசா அழுதாள்.

தோளிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள். அஸர் தொழுகைக்கு முன்பு உடலை எடுத்துவிட்டார்கள்.

ஆபரேஷன் வேண்டாமென்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டவள் அவள். பிடிவாதமாக நாள் குறித்து வந்தவர் கணவர்தான். ஆழ்வார்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து கடையைத் தாமதமாகத்தான் திறந்தார். காலையில் பிசியோதெரபிஸ்ட் ஸ்ரீலக்ஷ்மி வரும்போது கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். குதிகாலை மெத்தையோடு உரசி இழுத்து, பத்து எண்ணும்வரை முட்டியை மடக்கியே வைத்திருக்க வேண்டும். எண்ணுவது அவர் வேலை. அவள் உதட்டைக் கடிப்பதைப் பார்த்ததும் "ஆறு, ஏழு, பத்து" என்று முடித்துவிடுவார்.

"அங்கிள், எட்டும் ஒன்பதும் எங்க போச்சு?"

"கடையில மறந்து வெச்சிட்டு வந்துட்டேம்மா."

அன்றைக்கும் அப்படி எண்ணிவிட்டுத்தான் போனார். பதினோரு மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்ரீலக்ஷ்மி வந்தபோது உம்மே ஹானி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் ஒழுங்காகப் பத்து எண்ணியிருந்தால் கால் இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்குமோ, முகத்தைத் தொட்டிருக்கலாமோ என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை அவளுக்கு. அப்படி நினைத்ததும், இறந்தவர் மேல் குறை சொல்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"அன்னிக்கு மடங்காத காலு, இனிமே மடங்கி இன்னா ஆவப்போவுது?"

ஸ்ரீலக்ஷ்மி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாள், "ஆறு வாரத்துக்குள்ள தொண்ணூறு வரலைன்னா டாக்டர் திரும்ப மயக்கம் குடுத்து மடக்குவார் ஆன்ட்டி. என்னால முடிஞ்சதை இப்பவே பண்ணிடறேன்" என்று சொல்லி, குதிகாலைக் கையில் ஏந்தினாள். அவளே எண்ணினாள். ஏழு வரை உம்மே ஹானி பல்லைக் கடித்திருந்தாள். "எட்டு" என்றதும் வீறிட்டாள். சமையலறையிலிருந்து ஃபிசா ஓடிவந்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

அதன்பிறகு பயிற்சிக்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் வராத அழுகை அந்த நேரத்தில் மட்டும் வந்தது. அப்போது எவ்வளவு அழுதாலும் யாரும் பொறுமையாயிரு என்று சொல்லவில்லை. எழுபது, எழுபத்தெட்டு, தொண்ணூறு என்று ஸ்ரீலக்ஷ்மி நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். "சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லும்போதெல்லாம் உம்மே ஹானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்து, கணவனை இழந்தவள் வெளியே போகாமலிருக்கும் இத்தா கழிந்த மறுவாரம், டாக்டரைப் பார்க்க இரண்டாம் மாடியிலிருந்து முதன்முறையாகக் கீழே இறங்கினாள். ஃபிசா ஆட்டோவோடு தெருவில் காத்திருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி இரண்டு படி முன்னால் நின்று, "இறங்கும்போது புதுக் கால் முதல்ல" என்றாள்.

படிக்கட்டு திரும்புமிடத்தில் சுவரில் ஒரு முழ நீளத்துக்குக் காரை பெயர்ந்திருந்தது. அவள் நின்றுவிட்டாள். அங்கே எதிரே இருந்த கதவைத் திறந்து, முதல் மாடிக் கல்யாணராமன் வெளியே வந்தார். அவள் பார்ப்பதைக் கண்டு தயங்கினார்.

"அன்னிக்கு அவரைத் தூக்கிண்டு திரும்பறச்சே பெட்டி இடிச்சுடுத்தும்மா. எடமே பத்தலை. நாளைக்கே ஆள் வரச்சொல்லிப் பூசிடறேன்."

"இருக்கட்டும் மாமா" என்றாள்.

கைப்பிடிக் கம்பியிலிருந்து கையை எடுத்து அந்த இடத்தில் உள்ளங்கையைப் பதித்தாள். காரை சொரசொரப்பாக, சில்லென்று இருந்தது. கீழே ஆட்டோக்காரர் ஒருமுறை ஹார்ன் அடித்தார். அவள் விரல்களினிடையே மணல் மெல்ல உதிர்ந்து, படியில் விழுந்துகொண்டிருந்தது.