ஹேண்ட்பிரேக் போட்டவன் எவன்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பாட்டுப் பாடவில்லை. திட்டினேன். அதைப் பாட்டாக்கியவன் கீழ்வீட்டுக் கோகுலன். நாடே அந்தத் திட்டுக்கு ஆடுகிறதென்றால் போய் அவனைக் கேளுங்கள்.

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டில் கார் நிறுத்த இடம் போதாது. அதனால் ஒருவர் காருக்குப் பின்னால் இன்னொருவர் குறுக்கே நிறுத்துவோம். அப்படி நிறுத்தினால் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். அவசரக்காரர் அந்தக் காரைத் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொள்வார். எங்களுக்குச் சட்டம் இது ஒன்றுதான். குடி, கூத்தடி, பெண்டாட்டியோடு சண்டை போடு, யாரும் கேட்க மாட்டோம். ஹேண்ட்பிரேக் போட்டாயோ, நீ மனிதனே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குக் கோயிலில் குரல் தேர்வு. கிறிஸ்துமஸ் திருப்பலிக்குப் பதிலுரைப்பாடல் பாட ஆள் எடுத்தார்கள். ஒருவர் மைக்கில் ஓர் அடி பாட, சபை மொத்தமும் பதில் பாடுமே, அதுதான். கல்யாணமாகி இந்தக் கோயிலுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அந்த ஓர் ஆசைதான். கேட்கும்போதெல்லாம் "அடுத்த வருஷம் பாப்போம் மார்த்தா" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இந்தத் தடவைதான் வரச் சொன்னார்கள். பட்டுப்புடவை கட்டி, தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடித்துக் கீழே இறங்கினால், என் காருக்குப் பின்னால் மாடு படுத்த மாதிரி அடுத்த வீட்டு வேலுவின் ஓட்டைக் கார்!

தள்ளினேன். அசையவில்லை. கதவும் பூட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் இராயப்பனும் சேர்ந்து தள்ளினார். அவர் வாயில்லாப் பூச்சி, சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். அன்றைக்குச் சட்டை நனைய நனையத் தள்ளினார், பாவம். வேலுவோ மோட்டார்சைக்கிளில் சுங்கை பாக்காப் ஊருக்குப் போய்விட்டான். போனையும் எடுக்கவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அண்ணாந்து பார்த்து எல்லா மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஹேண்ட்பிரேக் போட்டவன் எவன்டா?"

மாடிக்கு மாடி தலைகள் எட்டிப் பார்த்தன.

"நான் இல்ல லா!"

மறுபடி கேட்டேன். மறுபடியும் எல்லாரும் சேர்ந்து, "நான் இல்ல லா!" அப்புறம் எத்தனை தடவை கேட்டேனோ, யார் கண்டது?

வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தேர்வு முடிந்து, பாடலைத் தேர்வுக்கு வந்த பெவர்லியிடம் கொடுத்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

நான் கீழே நின்று கத்திய அதே நேரத்தில் கோகுலன் தன் அறையில், வெளிச்சத்தம் விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ராப் பதிவு செய்துகொண்டிருந்தானாம். தான் பினாங்குக்கே ராஜா, பெண்களெல்லாம் தன் பின்னால் அலைகிறார்கள் என்று பாட்டு. கொடியில் காயும் துணியை எடுக்க வக்கில்லாத ராஜா! அந்தப் பதிவில் என் குரலும் பிளாட்டுக்காரர்கள் குரலும் விழுந்துவிட்டன. எவ்வளவோ பார்த்தும் அழிக்க முடியவில்லையாம். அவனுக்கு பீட் போட்டுத் தரும் ஹைக்கல் மலாய்ப் பையன், தமிழில் ஒரு சொல் தெரியாது. கேட்டுவிட்டு, ராஜாவை வெட்டிவிடு, இந்த அம்மாதான் பாட்டே என்று சொல்லிவிட்டானாம்.

ஒரு நாள் கோகுலன் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"ஆன்ட்டி, கோபப்படாதீங்க லா. பாட்ட நெட்டுல ஏத்திட்டேன்."

"எங்கடா ஏத்துன?"

"எல்லாத்துலயும்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அதன் பிறகு வந்த கூத்தை என்னவென்று சொல்ல! பாசாரில் மீன்காரச் சீனர் மீனை நிறுத்துக்கொண்டே "ஹேண்பிரேக் எவண்டா" என்கிறார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டக் கொஞ்சம் தடுமாற, மண்டபமே எழுந்து என் வரியைக் கத்தியது. வானொலியில் ஒருவர், "நம் சமுதாயத்தின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டவன் எவன் என்பதே கவிஞரின் கேள்வி" என்று விளக்கினார். கவிஞராம்! நான் கேட்டது வேலுவின் காரைப் பற்றி. அதற்கு மட்டும் எவனும் பதில் சொல்லவில்லை.

இதைவிடக் கொடுமை, அதற்கப்புறம் யாராவது என் காரை அடைத்துவிட்டு நான் கத்தினால், பிளாட்டே வராந்தாவில் நின்று ஆடியது. ஒருவனும் இறங்கி வந்து காரை எடுக்கவில்லை.

வேலு சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். "அக்கா, நான் ஹேண்ட்பிரேக்கும் போடல, கதவையும் பூட்டல. அந்த ஓட்டைக் கெரெத்தாவ எவன் திருடப் போறான்?" நான் நம்பவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் அவன் வீட்டுக்கு மட்டும் அனுப்பவில்லை. வீட்டில் அந்தப் பாட்டு வந்தாலே இராயப்பன் எழுந்து போய் அணைத்துவிடுவார். பெண்டாட்டிக்கு மானம் போகிறதே என்று வருந்துகிறார் போலும் என நினைத்தேன்.

அப்புறம் கடலோர எஸ்பிளனேட் திடலில் கச்சேரி வைத்தார்கள். கோகுலன் காலைப் பிடிக்காத குறை.

"ஒரே ஒரு தடவ மேடைக்கு வாங்க ஆன்ட்டி."

"மைக் என் கைல குடுப்பியா?"

"குடுக்கிறேன் லா!"

அதே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். இராயப்பனுக்கும் வேலுவுக்கும் முன்வரிசையில் நாற்காலி. கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. திடல் நிறைய ஜனம். மைக்கைப் பிடித்துக் கேட்டேன்.

"ஹேண்ட்பிரேக் போட்டவன் எவன்டா?"

"நான் இல்ல லா!" கைகளெல்லாம் மேலே போயின.

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை பதில் வந்தது. அப்போது முன்வரிசையில் இராயப்பன் எழுந்து நின்றார்.

"நான்தான் மார்த்தா."

ஹைக்கலுக்கு என்ன புரிந்ததோ, பீட்டை நிறுத்திவிட்டான்.

"நீங்களா?"

"பாடகர் குழுவுல பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. வரட்டும், ஒரு தடவ பாட விட்டுச் சிரிச்சு அனுப்பிருவோம்னு. நீ புடவையெல்லாம் கட்டிக்கிட்டுப் போயி அங்க நிக்கிறத... என்னால முடியலம்மா. அதான் பிரேக்க இழுத்துட்டு, உள்பொத்தான அமுக்கிக் கதவப் பூட்டிட்டேன்."

"பூட்டிட்டு, என்கூடச் சேந்து தள்ளுனீங்களே!"

"நீ இறங்கி வந்த சந்தோஷத்தப் பாத்ததும் மனசு கேக்கல. நெசமாத்தான் தள்ளுனேன். சாவி வேலுகிட்டல்ல இருந்துச்சு."

கூட்டம் நாடகமென்று நினைத்துக் கைதட்டியது. வேலு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மைக்காலேயே எறிந்திருப்பேன். சிரித்தால் என் பாட்டைக் கேட்டுத்தானே சிரித்திருப்பார்கள்? அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று நான்தானே பார்த்திருக்க வேண்டும்?

எறியவில்லை. பாடினேன். அன்றைக்குப் பாடமாக வைத்திருந்த பதிலுரைப்பாடலை, பீட் இல்லாமல், தொண்டையைத் திறந்து பாடினேன். மேலே போகும் இடத்தில் குரல் வழக்கம்போல் கிறீச்சிட்டு உடைந்தது. நின்றுவிட்டேன். பின்னால் ஒருவன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

இராயப்பன் திரும்பினார். நாற்காலி மேல் ஏறினார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கேட்டிராத சத்தத்தில், என் ராகத்திலேயே கத்தினார்.

"சிரிச்சவன் எவன்டா?"

திடல் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னது.

"நான் இல்ல லா!"

சபை அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு விட்ட இடத்திலிருந்து பாடினேன்.