யம்னா வீட்டுக் கீசர்

மகள் தூதா காஸாபிளாங்காவிலிருந்து போனில் சொன்னதைக் கேட்டபிறகு யம்னாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"அம்மா, பிரசவத்துக்கு அங்க வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா மாமியார் கேக்கறாங்க. 'பச்சை உடம்புக்காரி உங்க ஊரு அஸ்ரூ பனியில பொதுக் குளியல் ஹம்மாமுக்குத் தெருத்தெருவா நடப்பாளா'ன்னு. வீட்டுலயே குழாயைத் திறந்தா வெந்நீர் வரணுமாம். இல்லேன்னா நாற்பது நாளும் இங்கயேதானாம்."

ஒரே மகள். முதல் பேரப்பிள்ளை. அதை மடியில் போட்டு எண்ணெய் தேய்க்கிற பாக்கியத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் கேஸ் கீசர் என்ற பேச்சை எடுத்தாலே யம்னா எழுந்து போய்விடுவாள்.

அவள் தங்கை இஸ்ஸா கெனிஃப்ராவில் அப்படித்தான் போனாள். குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனவள். 'தலைக்கு ஊத்தறா, நேரமாகும்' என்று வீட்டார் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கீசர் விடுகிற அந்த விஷப்புகைக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஊருல பாதி வீட்டுல கீசர் இருக்கு, எல்லாருமா செத்துட்டாங்க?" என்றான் புருஷன் பெனாசர். வாடகைக் கார் ஓட்டுகிறவன், வாயும் வண்டி மாதிரிதான், பிரேக் பிடிக்காது. சொன்ன பிறகுதான் இஸ்ஸாவின் பாடையைத் தானும் தூக்கியது நினைவுக்கு வந்தது போலிருக்கிறது. "சரி வா, கடையில போய்க் கேப்போம்" என்று குரலைத் தணித்துக்கொண்டான்.

இத்ரிஸின் கடையில் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கின. தொட்டி கிடையாது, குழாயைத் திறந்தால் பற்றிக்கொள்ளும், மூடினால் அணையும்.

"இந்தச் சின்னதைத் தொடாதே பெனாசர். இது மராகேஷ் மாதிரி வெயில் ஊருக்குச் சரி" என்றான் இத்ரிஸ். "நம்ம ஊருத் தண்ணி குழாயிலயே பாதி பனிக்கட்டியா வருது. அதைப் போற போக்குல சூடாக்கணும்னா பெரிய சைசு வேணும். இல்லேன்னா கை கழுவத்தான் ஆகும்."

"இதை வீட்டுக்கு வெளியில மாட்டிடலாமே?" என்றாள் யம்னா.

"மாட்டலாம் தங்கச்சி. முதல் உறைபனிக்கே உள்ள நிக்கிற தண்ணி கட்டியாகி வயிறு வெடிச்சிடும்."

"அப்ப கரண்ட்டுல ஓடறது?"

"பனி விழுந்தா உங்க தெருவுல கரண்ட் நிக்குதா? நீயே சொல்லு." இத்ரிஸ் தலையைச் சொறிந்தான். "மூடின மாடல்னு ஒண்ணு இருக்கு. காத்தை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலயே விட்டுடும். உள்ள ஒரு பொட்டு வராது. கேட்டு வெச்சிருக்கேன், எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

தூதாவின் வயிறு அதுவரை காத்திருக்காது. சமையலறையில் மாட்டலாமென்றால் அதற்கு வெளிச்சுவரே இல்லை, குளியலறைதான் வழி. யம்னா முக்காட்டு நுனியை விரலில் சுற்றிக்கொண்டு பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில், "சாதாரணத்தையே மாட்டுங்க. ஆனா புகைக்குழாய் வேணும். காத்து வர சுவத்துல ஓட்டையும் வேணும்" என்றாள்.

"ஓட்டையில்லாம நான் மாட்டவே மாட்டேன். அப்புறம் அதை அடைச்சீங்கன்னா என் முகத்துலயே முழிக்காதீங்க."

கொத்தன் வந்து குளியலறைச் சுவரில் இரண்டு கை அகலத்துக்குத் துளைத்தான். வெந்நீர் கொட்டியது; கூடவே மலைக்காற்றும் ஊளையிட்டுக்கொண்டு உள்ளே வந்தது. "வெந்நீரைக் காசுக்கு வாங்கினோம், குளிரை இனாமா கொடுத்துட்டான்" என்று பெனாசர் பல்லைக் கிட்டிக்கொண்டு குளித்தான். யம்னா தினமும் வெளியே போய் அந்த ஓட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வேறு வேலை தொடுவாள்.

தூதா வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் பெயர் சூட்டுவதற்குச் சம்பந்தியம்மா லல்லா பத்தூல் முந்தின மாலையே கூடை கூடையாகப் பலகாரத்தோடு வந்து இறங்கினாள். காலையில் கிடா அறுத்தாயிற்று. வெந்தயமும் கோழியும் ரொட்டியும் சேர்ந்த ரஃபீசா கொதிக்கிற வாசனை தெருவரை போனது. விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள்.

"கூட்டம் சேர்றதுக்குள்ள நான் குளிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள் லல்லா பத்தூல்.

"குளிங்க சம்பந்தியம்மா. மேல ஒரு ஓட்டை இருக்கும், அதை அப்படியே விட்டுடுங்க" என்றாள் யம்னா. ஏன் என்று சொல்ல வாயெடுத்தவள், குழந்தைக்குப் பெயர் வைக்கிற நாளில் சாவைப் பேசுவானேன் என்று நாக்கை அடக்கிக்கொண்டாள்.

அடுப்புக்கு விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனவள் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தாள். ஓட்டைக்குள்ளிருந்து லல்லா பத்தூலின் கம்பளிச் சால்வையின் குஞ்சம் எட்டிப்பார்த்தது.

விறகு காலில் விழுந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. ஓடிவந்து குளியலறைக் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. "சம்பந்தியம்மா!" என்று கத்தினாள். உள்ளே தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிடா எலும்பு வெட்டிய கோடரியை எடுத்துவந்து தாழ்ப்பாளோடு கதவைப் பிளந்தாள். கூடத்துப் பெண்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள்.

உள்ளே லல்லா பத்தூல் தலை நிறைய சோப்பு நுரையோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு. ஒரு கணம் மலங்க மலங்க விழித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"வெட்கங்கெட்டவளே! ஊரையே கூட்டிவந்து என் மானத்தை வாங்கறியா?"

யம்னா எதையும் காதில் வாங்கவில்லை. கேஸை மூடினாள், சால்வையைப் பிடுங்கினாள், தன் போர்வையை அவள்மேல் போர்த்தினாள்.

"முதுகுல குளிர் குத்துச்சு, அடைச்சேன். அதுக்கு ஒரு கோடரியா? தூதா! மூட்டை கட்டு. இன்னிக்கே கிளம்பறோம்."

நிமிர்ந்து, ராணி மாதிரி, வாசல்வரை நடந்தாள். அங்கே முழங்கால் மடங்கி அப்படியே சரிந்தாள். வாந்தி எடுத்தாள். பெனாசர் அவளை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

மாலையில் அவள் திரும்பியபோது விருந்தாளிகள் போயிருந்தார்கள். ரஃபீசா யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது. முகம் வெளுத்திருந்தாலும் தானே நடந்துதான் உள்ளே வந்தாள். கூடத்தில் தூதாவின் பைகள் கட்டித் தயாராக இருந்தன. சம்பந்தி சொன்ன சொல் சொல்தானே என்று யம்னாவே உட்கார்ந்து, குழந்தைத் துணியை ஒவ்வொன்றாக மடித்து, கட்டியிருந்தாள்.

"யாரு கட்டினது இதை?" என்றாள் லல்லா பத்தூல்.

"நான்தான்."

"அவிழு."

லல்லா பத்தூல் மெல்ல உட்கார்ந்தாள்.

"டாக்டர் எல்லாம் சொன்னாரு. வர்ற வழியில உன் புருஷன் உன் தங்கச்சி கதையையும் சொன்னாரு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு, யம்னா. பதில் சொல்லணும்னு நினைச்சேன், நாக்கு எழும்பலை. எங்க வீட்டுல நாலு மருமக. நான் குளிக்கப் போனா அப்பாடான்னு உக்காருவாளுங்க. ஒருத்தியும் கதவைத் தட்ட மாட்டா. இங்க ஒருத்தி கதவையே உடைக்கிறா." அவள் குழந்தையைத் தூக்கி யம்னாவின் கையில் கொடுத்தாள். "என் பேத்தி நாற்பது நாளும் இங்கயே இருக்கட்டும்."

அதுவரை கல்லாக நின்ற யம்னா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, இஸ்ஸாவுக்காகவும் சேர்த்து, வாய்விட்டு அழுதாள்.