ஆமீனுக்கு முன்னால் வந்த காராமணி

இந்தோனேசியாவின் யோக்யா நகரில் இறங்கி சோலோ ரயிலுக்கு மாறும்போது சுபார்த்தி பிளாட்பாரத்தை இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் தனியாக ரயில் ஏறுவது இதுதான் முதல் தடவை. மற்ற வருடங்களில் கணவர் வாகியோ போவார். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை விளங்காமல் போய்விட்டது.

"சோலோவுக்கா?" ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த யோக்யாக்காரர் சிரித்தார். "எங்க ஊர் அரண்மனையிலயும் இன்னிக்குக் காய்கறிக் குன்று வருதே. வரிசையில நின்னா கையிலயே கொடுப்பாங்க. அங்க போய் எலும்ப ஒடிச்சுக்கணுமா இபு?" இபு என்றால் அங்கே அம்மா.

"கையில கொடுத்தா பலிக்காதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்."

"அவர் சோலோக்காரரா?"

"ஆமா."

"அப்ப சரி. அவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?"

நபிகள் நாயகம் பிறந்த நாளில் அரண்மனையிலிருந்து ஆள் உயரக் காய்கறிக் குன்றைப் பெரிய பள்ளிவாசலுக்குத் தூக்கி வருவார்கள். துஆ பிரார்த்தனை ஓதி எல்லோரும் ஆமீன் சொன்ன பிறகுதான் கூட்டம் பாய்ந்து பறித்துக்கொள்ளலாம். அதில் ஒரு காராமணிக்காயை வயல் மூலையில் புதைத்தால் எலி அண்டாது. சுபார்த்தியின் வயலில் கடந்த இரண்டு போகத்தையும் எலி தின்றுவிட்டது. மகள் நூனிங் தைவானுக்கு வீட்டுவேலைக்குப் போகப் பெயர் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். "காராமணியோட வாங்கம்மா. கையெழுத்துப் போடாம இந்தப் போகத்தையும் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பள்ளிவாசல் முற்றத்தில் சுபார்த்தி ஓரமாகத்தான் நின்றாள். இமாம் கைகளை ஏந்தி ஓதிக்கொண்டிருந்தார். அவளும் ஏந்தியிருந்தாள். ஆமீன் வருவதற்குள் பின்னால் யாரோ கத்தினார்கள். கூட்டம் அவளைத் தரையில் கால் பாவாமல் தூக்கிக்கொண்டு போய்க் குன்றின் மேல் மோதவிட்டது. ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது. விலகி வெளியே வந்து விழுந்தபோது அதில் ஒரு காராமணி இருந்தது. ஒலிபெருக்கியில் இமாம் இன்னும் ஓதிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் அதே இடத்தில் நின்றாள்.

"ஏன் இபு, காராமணிய கையில வெச்சுக்கிட்டு எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" முற்றத்தில் வெற்றிலையும் உப்பில் ஊறவைத்த முட்டையும் விற்கும் லஸ்மி கேட்டாள்.

"ஆமீனுக்கு முன்னாடி வந்துடுச்சு. திருப்பி வைக்கணும்."

"எங்க வைப்பீங்க? வெறும் மூங்கில்தான் நிக்குது. அதையும் ரெண்டு பேரு உடைச்சுட்டு இருக்காங்க."

"நான் பறிக்கல. தள்ளினாங்க."

"மறுமையில இத்தன பேரும் அதத்தான் சொல்லப் போறாங்க." சிரித்துவிட்டு, சுபார்த்தியின் முகத்தைப் பார்த்ததும் லஸ்மி சிரிப்பை நிறுத்தினாள். "வயலுக்கா?"

"மகளுக்கு."

லஸ்மி தன் கூடைக்குள்ளிருந்து ஒரு காராமணியை எடுத்தாள். "எங்க அக்கா மகன் பறிச்சுக் கொடுத்தது. ஆமீனுக்கு அப்புறம்தான், அவன்கிட்ட நானே கேட்டேன்." அதை இரண்டாக ஒடித்துப் பாதியை நீட்டினாள்.

"உங்க கடைக்கு வேணுமே."

"உப்பு முட்டைய எலியா வந்து தூக்கப் போகுது? புடிங்க."

"அப்ப முன்னாடி வந்த இது?"

"குழம்புல போடுங்க. படைச்சவன் அதுக்கெல்லாம் கோவிக்க மாட்டான்."

இறைவன் கூட்டத்தைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கையாகத்தான் பார்க்கிறான் என்று சுபார்த்தி நம்புகிறவள். அந்தப் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யோக்யாவிலிருந்து ஊர் திரும்பும் ரயிலில் நல்ல கூட்டம். வாத்தஸ் ஸ்டேஷன் தாண்டும்போது போன் அடித்தது.

"அம்மா," என்றாள் நூனிங். "ஏஜென்ட் இன்னிக்கே வந்துட்டார். திங்கட்கிழமைன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னார். அப்பா என்னைப் பார்த்தார், தடுக்கல. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எப்போ போகணும்?" என்று கேட்டாள் சுபார்த்தி.

"பதினோரு நாள்ல. அம்மா, காராமணி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. பாதி."

"வாங்க. நானே குழி தோண்டுறேன்."

நாற்று நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. கதிர் வர இன்னும் இரண்டு மாதம். எலி வந்ததா வரவில்லையா என்று பார்க்க நூனிங் இருக்க மாட்டாள். யாரைக் கேட்பது, யாரைத் தடுப்பது? ஏஜென்டின் பெயர்கூட சுபார்த்திக்குத் தெரியாது. போனை மடியில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகையை அடக்கப் பார்த்தும் முடியவில்லை. எதிரே இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நர்ஸ் உடைப் பெண் எழுந்தாள். வேலை முடித்து வந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது.

"இங்க நகர்ந்து உட்காருங்க இபு."

"நீ உட்காரும்மா. நின்னா கால் வலிக்கும்."

"நாள் முழுக்க நின்ன கால்தானே, பழகிடுச்சு."

அந்தப் பெண் மேலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு முதுகு காட்டி, சுபார்த்தியை மறைத்தபடி நின்றாள். வழியில் வந்த ஸ்டேஷன்களில் இடம் காலியானபோதும் அவள் உட்காரவில்லை.