தேவானந்தம் கட்டிய ஒட்டு

என் வீட்டுக்காரர் சுந்தர்ராஜுக்கு எதிலும் அவசரம். ஆம்பூர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழி வேலை அவருக்கு. மாதனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நாட்டு இலந்தையை வெட்டி, அதன் துளிரில் பெரிய பழம் காய்க்கும் பனாரசி மொட்டை வைத்து ஒட்டுக் கட்டியவன் எங்கள் மகன் தேவானந்தம். அது காய்ப்பதைப் பார்க்க அவன் இருக்கவில்லை. வீட்டில் இருந்த பூச்சி மருந்தைக் குடித்துவிட்டான். ஏன் என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் அந்த மாதிரி புட்டி எங்கள் வாசற்படி ஏறியதில்லை.

எண்பத்திரண்டில் மரத்துக்குச் சாம்பல் நோய் வந்தது. பிஞ்செல்லாம் மாவு பூசின மாதிரி வெளுத்து உதிர்ந்தது. தப்பிய பழத்தைப் பிட்டால் உள்ளே புழு. வேலியோரத்து முள் இலந்தை மட்டும் ஒரு குறையும் இல்லாமல் நின்றது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை யார் கேட்டார்கள்?

"ஒரு தபா மருந்து அடிச்சா சரியாப் போய்டும். இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் பக்கத்து நிலத்து ஹயாத் பாஷா.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம் பாய்."

பாஷா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அப்போ சுண்ணாம்பும் கந்தகமும் காய்ச்சித் தெளிங்க. அது வெசம் இல்லியாம்."

மறுநாளே இவர் கம்பெனிக் குழியிலிருந்து ஒரு டின் தண்ணீரோடு வந்தார். அதிலும் சுண்ணாம்பும், கந்தகம் சேர்ந்த சல்பைடும்தானாம்.

"தோல்ல முடிய உதிர்க்கிற தண்ணியாச்சே, இலை தாங்குமா?"

"இருவது வருசமா என் கை அதுலதான் கெடக்குது. செத்தா போய்ட்டேன்?"

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் உள்ளே போய்விட்டேன். அவர் ஏணி போட்டு ஏறி, மரம் முழுக்கத் தெளித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தபோது ஒரு இலை மிச்சமில்லை. அவர் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கிளைகளைக் கழுவினார். பட்டை கையோடு உரிந்து வந்தது. நான் என்ன செய்ய? பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழை பெய்ததும் பாஷாதான் முதலில் பார்த்தார். "மரம் பொழச்சிடுச்சு! துளிர் வுட்டிருக்குது, வந்து பாருங்க!"

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். துளிரெல்லாம் என் பிள்ளை கட்டிய ஒட்டுக்குக் கீழே. பொடி இலை, நிறைய முள்; பழைய நாட்டு இலந்தை. அதற்கு மேலே வெறும் கட்டை.

இவரும் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

"இதுக்கு ஒரு நோயும் வராது மரியம்மா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போனார்.