வேன் ஏன் கிழக்கே போகவில்லை

ஏப்ரல் மாதத்திலிருந்து எங்கள் வேன்கள் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கிழக்கே போகவே இல்லை. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே ஓட்டுநர்கள், அதே வேன்கள். ஆனாலும் காலையில் கிளம்பும் ஒவ்வொன்றும் மேற்கே திரும்பியது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

பெல்லமி நகர சுகாதாரத் துறையில் நான் வீட்டு ஆய்வாளன். பழைய வீடுகளின் பெயின்ட்டில், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த ஈயம் குழந்தையின் உடம்புக்குள் போகும் வழி இன்றும் எனக்கு வியப்புதான். சுவரில் உரியாமல் ஒட்டியிருக்கும் பெயின்ட் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஜன்னல்தான் வில்லன். மேலும் கீழும் தள்ளித் திறக்கும் ஜன்னல், ஒவ்வொரு முறையும் சட்டத்தோடு உரசிப் பெயின்ட்டை மாவாக அரைக்கிறது. அந்த மாவு விளிம்பில் படிகிறது. எழுந்து நிற்கப் பழகும் குழந்தை அந்த விளிம்பைத்தான் பிடிக்கும். பிறகு விரலைச் சப்பும். முடிந்தது கதை.

அப்படிப்பட்ட ஜன்னல்கள் கிழக்கில்தான் அதிகம். கறுப்பர்களான எங்களுக்கு ஒரு காலத்தில் இந்த ஊரில் வேறெங்கும் வீடு தரமாட்டார்கள். கிழக்கில் இருப்பவர்களுக்கோ பழுது பார்க்க எந்த வங்கியும் கடன் தராது. அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் பத்து வருடத்துக்கு முன் எங்கள் கிழக்குக் குழு பிறந்தது. தலைவி மிஸ் ஒடெஸ்ஸா டிரிப்லெட். கல்யாணமானவர்தான்; மூத்த பெண்களை நாங்கள் மரியாதையாக 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.

இப்போது குழுவுக்கே ஆபத்து வந்துவிட்டது. புதிய இயக்குநர் ஹாலி பிராண்ட் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"கிழக்குல இருந்து ஒரு புகார்கூட வரலையே. அங்க பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னா சந்தோஷம்தான். உங்க குழுவைக் கலைச்சு எல்லாரையும் வேற வேலைக்கு மாத்திடலாமா? வெள்ளிக்கிழமை முடிவு பண்றேன்."

வெளியே வந்ததும் மிஸ் ஒடெஸ்ஸா பொரிந்தார். "தீர்ந்துடுச்சாம்! என் தெருவுக்கு வந்து ஒரே ஒரு ஜன்னலைத் திறக்கச் சொல்லு அந்தப் பொண்ணை. தும்மியே செத்துடும்!"

எங்கள் வேலைமுறை இதுதான்: புகார் எண்ணுக்கு யாராவது போன் செய்தால் அந்த வீட்டுக்கு வேன் போகும். ஆகவே வேன் ஏன் போகவில்லை என்பது கேள்வியே அல்ல. போன் ஏன் நின்றது? புகார்களைக் கேட்டு எழுதும் கேரியிடம் போனேன்.

"முன்னாடி யாரு கேரி கூப்பிடுவாங்க?"

"எல்லாம் சின்னப் பொண்ணுங்க. திங்கக்கிழமை சாயங்காலம் வரிசையா வரும். பேசறது பாதிதான் காதுல விழும். பின்னாடி எப்பவும் கடமுடான்னு துணி துவைக்கிற சத்தம்."

எனக்குச் சுருக்கென்றது. காசு போட்டு நாமே மெஷினில் துவைத்துக்கொள்ளும் லாண்டரிக்கு மிஸ் ஒடெஸ்ஸா போவதும் திங்கட்கிழமை சாயங்காலம்தான். நேராக மிஸ் ஒடெஸ்ஸாவிடம் ஓடினேன்.

"நீங்க இப்ப லாண்டரிக்குப் போறதில்லையா?"

"எதுக்குக் கண்ணு? ஆறு வருஷம் கெஞ்சி, ஏப்ரல்ல என் பிறந்தநாளுக்குத்தான் வெர்னன் வாஷிங் மெஷின் வாங்கிக் குடுத்தான். என் புருஷன் வாழ்க்கையில செஞ்ச ஒரே உருப்படியான…" பாதியில் நிறுத்தினார். "அடக் கடவுளே. லெம், அந்தப் பொண்ணுங்க என்கிட்ட புலம்புவாங்க. நான் என் போன்ல நம்பரைப் போட்டு அவங்க கையில குடுப்பேன். அவ்வளவுதான். அதைப் போய் ஒரு வேலைன்னு நான் நினைச்சதே இல்ல!"

வருடாவருடம் சமத்துவப் பயிற்சி நடத்துகிறோம். எல்லாப் பகுதியையும் ஒன்றாக நடத்துவோம் என்ற உறுதிமொழியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் இத்தனை காலமும் கிழக்குக் குழுவை ஓட்டியது மிஸ் ஒடெஸ்ஸா வீட்டில் வாஷிங் மெஷின் இல்லாத குறைதான்.

அன்று மாலையே இருவரும் அந்த லாண்டரிக்குப் போனோம். ரெனிகா என்ற இளம் தாய், இடுப்பில் குழந்தையோடு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போயிட்டீங்க மிஸ் ஒடெஸ்ஸா? அழுக்குத் துணி போடறதையே விட்டுட்டீங்களா?"

"வாயைப் பாரு! உன் வீட்டுப் பெயின்ட் உதிருதுன்னு நீயே போன் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணினா? உங்க வேன் எங்க வாசல்ல மட்டும் வந்து நிக்கும். சொன்னது யாருன்னு வீட்டு ஓனருக்குத் தெரியாதா? அடுத்த மாசம் என் சோஃபா தெருவுல நிக்கும். நீங்க பக்கத்துல நின்னா ஒரு தைரியம். தனியா எப்படிப் பேசறது?"

திரும்பும்போது மிஸ் ஒடெஸ்ஸா, "பேசாம அந்த மெஷினை வித்துடறேன்," என்றார்.

"நீங்க ரிடையர் ஆனா?"

"அப்ப நீ வந்து துவை."

"என்கிட்ட அவ்வளவு துணி இல்ல."

சிரித்தோம். ஆனால் வழி அந்தப் பேச்சிலேயே இருந்தது. ஒருவர் லாண்டரிக்குப் போனால் ஓடி, போகாவிட்டால் நிற்கிற வேலை, நல்லவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் நிற்கத்தான் செய்யும். போனையே நம்பாமல் ஓடும்படி அதை மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஹாலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"போன் வரலேன்னா நோய் இல்லேன்னு நினைச்சுட்டேன். சரி, குழு இருக்கட்டும். ஆனா போன் வராம வேன் எங்க போகும்?"

சொன்னோம். ஒத்துக்கொண்டார். அது துறையின் விதியாகவே ஆகிவிட்டது. இப்போது வேன்கள் இப்படித்தான் போகின்றன: பழைய வீடுகள் நிறைந்த தெருக்களில், மருத்துவப் பரிசோதனையில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகம் தெரிந்த தெரு முதலில். ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அங்குள்ள எல்லாக் கதவையும் தட்டுகிறோம். யார் சொன்னார்கள் என்று எந்த ஓனராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் யாரும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.